இந்த விலைக்கு

சென்ற மாதம் வில்லியனூர் நண்பர் ஒருவர் இரண்டு குறுந்தகடுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஹாண்டெலின் ‘மெசையா’. ஸ்காலர்ஸ் பரோக் குழுவினர் 1992-ல் பதிவு செய்தது; நாக்ஸோஸ் வெளியீடு. புதுச்சேரியில் யாரோ வீடு காலி செய்தபோது பழைய புத்தகங்களோடு இதுவும் எடைக்கு வந்ததாம். இரண்டும் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. “கேட்டுப் பாருங்க. இந்த விலைக்கு நல்லாவே இருக்கு” என்றார்.

ஐந்து முறை கேட்டேன். இசையை விட அவருடைய அந்த வாக்கியம் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. ‘நல்லா இருக்கு’ என்றால் ஒரு தீர்ப்பு. அதை ஏற்கலாம், மறுக்கலாம். ‘இந்த விலைக்கு’ என்ற முன்னொட்டு சேர்ந்தவுடன் ஏற்கவும் இடமில்லை, மறுக்கவும் இடமில்லை. எதிராளியின் வாயை அடைத்து, சொன்னவரையும் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது. நம் இலக்கிய வட்டத்தில் இந்த முன்னொட்டுக்கு உருவங்கள் பல. ‘முதல் தொகுப்பு என்ற அளவில்’, ‘கிராமத்திலிருந்து எழுதுகிறவர் என்ற வகையில்’, ‘தமிழில் இப்படியொரு முயற்சி இதற்குமுன் இல்லை என்பதால்’. இவற்றில் ஒன்றையாவது எழுதாத விமர்சகன் நம்மிடையே இல்லை. நான் மூன்றையும் எழுதியிருக்கிறேன்.

முதலில் விலையைப் பற்றி. நாக்ஸோஸ் 1987-ல் ஹாங்காங்கில் க்ளாவுஸ் ஹேமன் என்ற ஜெர்மானியர் தொடங்கிய நிறுவனம். பெரிய கம்பெனிகள் நட்சத்திரப் பாடகர்களையும் நடத்துநர்களையும் வைத்து அதிக விலைக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, பெயர் அதிகம் தெரியாத கலைஞர்களை அழைத்து, ராயல்டி இல்லாமல் ஒருமுறைச் சம்பளம் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கு விலையில் குறுந்தகடுகளை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் ப்ராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் போன்ற கிழக்கு ஐரோப்பிய நகரங்களின் இசைக்குழுக்கள் அவர்களுக்கு அதிகம் வாசித்தன. மலிவு அங்கே ஒரு திட்டம், தற்செயல் அல்ல. இன்று எந்தப் பதிவையும் கைப்பேசியிலேயே கேட்டுவிடலாம் என்பதால் அந்த விலை வித்தியாசத்துக்கு அர்த்தம் போய்விட்டது. அதைச் சார்ந்து பிறந்த சலுகைத் தீர்ப்பு மட்டும் போகவில்லை.

பணம் இசையில் கேட்கவே கேட்காது என்று நான் சொல்லவில்லை. ஒத்திகைக்கு எத்தனை நாள், ஒரு பகுதியை எத்தனை முறை திரும்பப் பாடிப் பதிவு செய்யலாம், எந்த மண்டபம் — இவற்றைப் பணம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் இவையெல்லாம் இசையின் காரணங்கள். கேட்பவனுக்குக் கிடைப்பது விளைவு. காரணத்தைக் கொண்டு விளைவை மன்னிப்பது கணக்குப்பிள்ளையின் வேலை.

‘மெசையா’ ஒரு ஆரட்டோரியோ. வேஷமும் நடிப்பும் காட்சியும் இல்லாமல், தனிக்குரல்களும் குழுக்குரலும் வாத்தியங்களும் சேர்ந்து ஒரு சமயப் பொருளைப் பாடி நிகழ்த்துவது. சார்ல்ஸ் ஜென்னன்ஸ் வேதாகமத்திலிருந்து வாசகங்களைப் பொறுக்கிக் கோத்துக் கொடுக்க, ஹாண்டெல் 1741 ஆகஸ்ட் 22-ல் தொடங்கி 24 நாட்களில் எழுதி முடித்தார். 1742 ஏப்ரல் 13-ல் டப்ளினில் முதன்முதல் பாடப்பட்டது. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் இந்தப் படைப்பின் முதுகெலும்பு குழுக்குரல்தான். ஆகவே ஒரு பதிவின் தரத்தை நான் கோரஸில்தான் சோதிப்பேன். எல்லோருக்கும் தெரிந்த ‘அல்லேலூயா’வில் அல்ல, அதில் தம்பட்டமும் எக்காளமும் சேர்ந்து எந்தக் குழுவையும் காப்பாற்றிவிடும். என் சோதனைக்களம் இரண்டாம் பாகத்தில் வரும், ஏசாயா 53-ஆம் அதிகாரத்து ஆடுகள் கோரஸ்.

வழிதவறிய ஆடுகளாக மனிதர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் இடம் அது. துக்கமாக இருக்கவேண்டிய வாசகம். ஹாண்டெல் அதைக் கும்மாளமாக ஆக்கியிருக்கிறார். ‘நாங்கள் எல்லோரும்’ என்று நான்கு குரல்களும் ஒன்றாகத் தொடங்கும். அடுத்த கணமே ஒவ்வொன்றும் தன்போக்கில் சிதறி ஓடும். ஒரு குரல் சுழன்று சுழன்று திரும்புகிறது. இன்னொன்று ஒரே ஸ்வரத்தில் பிடிவாதமாக நிற்கிறது. பாவம் செய்கிறவர்கள் சந்தோஷமாகத்தான் செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த இசை புதிதாகப் பிறந்ததும் அல்ல. காதலை இனி நம்பமாட்டேன் என்று சலித்துக்கொள்ளும் ஓர் இத்தாலிய இருகுரல் பாட்டுக்காக அதே 1741 கோடையில் எழுதியதையே எடுத்து இங்கே போட்டிருக்கிறார். சிக்கனம் ஹாண்டெலிடமே இருக்கிறது. கடைசிச் சில வரிகளில் வேகம் திடீரென்று அறுந்து, மேஜர் மைனராகி, எல்லோருடைய அக்கிரமமும் ஒருவன்மேல் இறங்குகிறது. கும்மாளமிட்டவர்களே இதைப் பாடவேண்டும். அதுவரை சிரித்த ஒவ்வொரு குரலும் தனித்தனியாக நின்று தலைகுனிவது கேட்கவேண்டும்.

ஸ்காலர்ஸ் குழு சிறியது. நடத்துநர் என்று முன்னால் நிற்பவர் இல்லை. தனிப்பாடல் பாடுகிறவர்கள் குழுவுக்குள்ளிருந்தே எழுந்து பாடிவிட்டுத் திரும்பக் கோரஸில் சேர்ந்துகொள்கிறார்கள். எதிரே கோல் வைத்து ஆட்டுபவன் இல்லாததால் ஒருவர் மற்றவரைக் கேட்டுத்தான் நுழைய முடியும். ஆடுகள் கோரஸில் இதன் பலன் துல்லியமாகத் தெரிகிறது. சிதறுகிறவர்கள் யார் யார் என்று கேட்கிறது. ஆல்டோ திரும்பும்போது டெனர் எங்கே இருக்கிறான் என்று காதால் சுட்டிக்காட்ட முடிகிறது. ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதோடு 1959-ல் சர் தாமஸ் பீச்சம் செய்த பெரும்பதிவை வைத்துப் பார்க்கிறேன். யூஜீன் கூஸன்ஸ் ஹாண்டெலின் வாத்தியங்களைப் பெருக்கி, சிம்பல் வரை சேர்த்துக் கொடுத்த ஏற்பாடு. வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் தேர் நகரும்போது எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஆயிரம் தொண்டைகள், ஒரே ஓசை. வடத்தில் கை வைத்தவன் யார், வெறுமனே கத்துகிறவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஒரு மகத்துவம் உண்டு. ஆடுகள் கோரஸுக்கு அது உதவாது. தேர்க்கூட்டம் வழிதவற முடியாது, வடம் ஒன்றுதான்.

இந்த இடத்தில் சரித்திரத்தைத் துணைக்கழைக்க ஆசை வருகிறது. பிரம்மாண்ட ‘மெசையா’ ஹாண்டெல் இறந்தபின் வந்தது. 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் 500 பேருக்கு மேல் கூடினார்கள். 1857-ல் கிரிஸ்டல் பாலஸில் பாடகர் மட்டும் சுமார் 2000 பேர். 1754-ல் ஹாண்டெலின் காலத்தில் அநாதை விடுதிக்காக நடந்த கச்சேரியின் கணக்கு கிடைத்திருக்கிறது. கோரஸில் 19 பேர், அவர்களில் ஆறு பேர் சிறுவர்கள். ஆக, மலிவுப் பதிவின் சிறு குழுதான் மூலத்துக்கு நெருக்கம் என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கமாட்டேன். ‘மூலத்துக்கு நெருக்கம்’ என்பதும் ‘இந்த விலைக்கு’ போல இன்னொரு சலுகைதான். பத்தொன்பது பேர் மோசமாகவும் பாடலாம்.

ஸ்காலர்ஸ் பதிவு தோற்கிற இடங்கள் உண்டு, சொல்லிவிடுகிறேன். தனிப்பாடல்கள் பலவற்றில் பாடுகிறவர் ஸ்வரத்தைப் பிசகில்லாமல் கடந்துபோகிறார், வாசகத்துக்குள் இறங்கவில்லை. அதே இரண்டாம் பாகத்தில், மனிதரால் அசட்டை பண்ணப்பட்டவனைப் பற்றிய ஆல்டோ பாட்டு. இடைஇடையே குரல் நின்றுவிட, வாத்தியங்கள் அந்த மௌனத்தை நிரப்பும். பாடுகிறவரால் மேலே சொல்ல முடியவில்லை என்று அந்த இடைவெளிகளில் தோன்றவேண்டும். இங்கே தாளம் எண்ணிக் காத்திருப்பதாகத் தோன்றுகிறது. குரல் சிறியது என்பது இதற்குக் காரணமாகாது. டப்ளினில் இதை முதலில் பாடிய சூஸன்னா சிப்பர் ஒரு நடிகை. குரல் நூலிழை போன்றது. சங்கீதப் பயிற்சியும் சொற்பம். கள்ளக்காதல் வழக்கில் பெயர் நாறி லண்டனை விட்டுப் போயிருந்தவள். அவள் பாடியதைக் கேட்டு, இதற்காக உன் பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படட்டும் என்று ஒரு பாதிரியார் சபையிலேயே எழுந்து கத்தினார் என்பது கர்ண பரம்பரை. கதை நிஜமோ இல்லையோ, அப்படியொரு கதை பிறக்கக்கூடிய பாட்டு அது. ஸ்காலர்ஸ் பதிவைக் கேட்டு யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

ஆக என் தீர்ப்பு: கோரஸ்கள் முதல் தரம், எந்த விலையிலும் முதல் தரம். தனிப்பாடல்கள் பாதிக்கு மேல் இரண்டாம் தரம். இலவசமாகக் கொடுத்தாலும் இரண்டாம் தரம். பீச்சமிடம் இருக்கிற, தான் பாடுவதை நம்புகிறவனின் ஆவேசம் இவர்களிடம் இல்லை. இவர்களிடம் இருக்கிற, ஒருவரை ஒருவர் கேட்கும் காது பீச்சமின் கூட்டத்தில் இல்லை.

தமிழில் இதற்குச் சமானமான நிகழ்ச்சி என்று எதைச் சொல்வது? இளையராஜாவின் ‘திருவாசகம்’தான். 2005-ல் தமிழ் மையம் வெளியிட்டது. வாசித்தவர்கள் புடாபெஸ்ட் சிம்பனி இசைக்குழு. மலிவுப் பதிவுக்காரர்கள் போன அதே நகரத்துக்கு நம்முடைய மிகப் பெரிய இசைக் கனவும் போய்ச் சேர்ந்தது. அப்போது அதைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் முன்னொட்டுகள்தான். ‘தமிழனால் இவ்வளவு முடிந்திருக்கிறதே’ என்றார்கள். ‘சினிமாக்காரரிடமிருந்து’ என்றார்கள். விலை அதிகம் என்பதே அங்கே சலுகையாயிற்று. இசையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

எனக்குத் தோன்றுவது இது. ‘பொல்லா வினையேன்’ என்ற நீண்ட பகுதி சிவபுராணத்திலிருந்து எழுவது. பெயரிலேயே ஒருமை. மாணிக்கவாசகர் அங்கே தன்னந்தனி மனிதர்; நாயினும் கடையவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு நிற்பவர். இளையராஜா தன் குரலில், வாத்தியம் ஒதுங்கி நிற்கும் இடங்களில், அந்தத் தனிமையைத் தொட்டுவிடுகிறார். ஸ்காலர்ஸின் தனிப்பாடல்களில் நான் தேடிக் கிடைக்காதது அங்கே கிடைக்கிறது. ஆனால் குழுக்குரல் ஆங்கிலத்தில் உள்ளே வரும்போது, அழுதுகொண்டிருப்பவன் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கு விளக்கம் சொல்பவனைப்போல இருக்கிறது. அந்தக் குழு யார்? பக்தனா, சாட்சியா, நாமா? அதற்கு இடம் தீர்மானிக்கப்படவில்லை. ‘நான்’ என்ற பாட்டுக்கு ‘நாம்’ எதற்கு என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை.

மாணிக்கவாசகரிடம் ‘நாம்’ இல்லாமலில்லை. திருவெம்பாவையில் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்புகிறார்கள். திருப்பொற்சுண்ணத்தில் கூடிநின்று இடிக்கிறார்கள். திருச்சாழலில் ஒருத்தி கேட்க ஒருத்தி மடக்குகிறாள். குழுவாகப் பாடவே பிறந்தவை. இந்தத் தொகுப்பில் திருப்பொற்சுண்ணத்திலிருந்து வரும் ‘முத்து நற்றாமம்’ பகுதியில்தான் பல குரல் சேர்வது தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. உலக்கை விழும் வேலைக்கு நாலு பேர் வேண்டும். ஆகவே நாலு குரல் வேண்டும். இந்த நியாயம் மற்ற இடங்களிலும் தேடப்பட்டிருந்தால் நமக்கு ஓர் உண்மையான ஆரட்டோரியோ கிடைத்திருக்கும். கிடைத்திருப்பது, மகத்தான தனிக்குரல் ஒன்றும் அதைச் சுற்றி ஒரு பெரிய மாளிகையும்.

இதையெல்லாம் எழுதும் தைரியம் லண்டன், புடாபெஸ்ட் என்றால் எளிதாக வருகிறது. என் கணக்கு வேறு இடத்தில் பாக்கி நிற்கிறது.

தகடுகளைக் கொடுத்த நண்பர் பள்ளி ஆசிரியர். பாகூர்ப் பக்கம் ஒரு சிற்றூர்க் கோயிலில் பதினொரு பேரை வைத்து நாலு குரலில் பாடக் கற்றுத் தருகிறார். நாலைந்து பள்ளிப் பெண்கள், இரண்டு தாய்மார்கள், கரும்பு வெட்டப் போகிற ஒருவர், இப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய வெள்ளிக்காகத் தமிழில் ஒரு பாஸ்கா கோரஸைப் பயிற்றி, கைப்பேசியைப் பெஞ்சின்மேல் வைத்துப் பதிவு செய்து எனக்குக் கொடுத்தார். “எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்றார். ஒருமுறை கேட்டுவிட்டு, “நம்ம ஊருக்கு இது ரொம்பப் பெரிசுங்க” என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததையும் பார்த்தேன். நான் சொன்னது அவருடைய ‘இந்த விலைக்கு’தான். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் நானாகவும் இருக்கலாம்.

ஸ்காலர்ஸைக் கேட்டபின் அந்தப் பதிவைத் தேடி எடுத்து, அதே காதோடு கேட்டேன். மின்விசிறி ஓசை, வெளியே போகும் வண்டியின் ஹாரன் — இவற்றுக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. குறைத்தது வேறு இரண்டுக்கு. ஒன்று, தமிழ். மேற்கத்திய மெட்டில் நீண்ட ஸ்வரம் எங்கே விழுகிறதோ அங்கே குறில் நெடிலாகிவிடுகிறது. ‘மனிதன்’ ‘மானீதன்’ ஆகிறான். மெட்டுக்கு ஏற்ற சொல்லை முன்பே தேடாததன் விளைவு. இது ஏழ்மையின் குற்றம் அல்ல, கவனத்தின் குற்றம். இரண்டு, நாலு குரலும் கீபோர்டைப் பின்தொடர்கின்றன. ஒரு குரலுக்கு இன்னொரு குரல் தேவைப்படவே இல்லை. பதினொரு பேர் தனித்தனியாக ஒரு யந்திரத்தோடு பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நாலாவது நிமிஷத்தில் மின்சாரம் போகிறது. விசிறி நிற்கிறது, கீபோர்டு நிற்கிறது. யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்குவது கேட்கிறது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. பாஸ் குரல் ஒன்று, கரும்பு வெட்டுகிறவராக இருக்கவேண்டும், தாழ்ந்து தனியாகத் தொடர்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆல்டோ. பிறகு மற்றவர்கள். வேகம் கொஞ்சம் தளர்கிறது, ஸ்ருதி இறங்குகிறது, சொற்கள் தம் அளவுக்குத் திரும்புகின்றன. ஏறக்குறைய ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். ஸ்காலர்ஸின் ஆடுகள் கோரஸோடு ஒப்பிட எனக்குத் தயக்கமில்லை. எந்த முன்னொட்டும் இல்லாமல் ஒப்பிடுகிறேன். மின்சாரம் வந்ததும் கீபோர்டு சரியான ஸ்ருதியில் நுழைகிறது; எல்லோரும் அதன் பின்னால் போய்விடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூருக்குப் போய், மாதா குளத்துப் படியில் உட்கார்ந்து, இதை அவரிடம் சொன்னேன். குறிலையும் சொன்னேன், கீபோர்டையும் சொன்னேன், அந்த ஒரு நிமிஷத்தையும் சொன்னேன். அந்த நிமிஷத்தை அவர் வெட்டி எடுத்துவிட நினைத்திருந்தாராம். வெட்டத் தெரியாததால் விட்டுவைத்தாராம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே நீங்க” என்றார். “அந்த ஆல்டோ பொண்ணு கல்யாணமாகி காரைக்கால் போயிடுச்சு. பாஸ் பாடினவரும் இப்ப வர்றதில்ல.”

என்னிடம் பதில் இல்லை. சலுகை கொடுப்பது தாராள மனசு என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது இரண்டு வருஷம் செலவு வைத்திருக்கிறது. மீதி இருப்பவர்களோடு கீபோர்டு இல்லாமல் ஒரு பாட்டு முயலப்போவதாகச் சொன்னார். பதிவு செய்தால் கொடுக்கிறேன் என்றார். கொடுக்கட்டும். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன்; இல்லையென்றால் இல்லை என்பேன்.